பொம்மையை நகர்த்திய கைகள்

என் அக்கா மகள் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு மாதமாக அவள் நகக்கண்ணில் காகிதக்கூழ் காய்ந்து கிடக்கிறது. வகுப்புத் தோழர்கள் பதினொரு பேர் சேர்ந்து கொல்லிப்பாவையை வைத்து இருபது நிமிடப் படம் ஒன்று எடுக்கிறார்கள். சிரித்துச் சிரித்தே ஆளைக் கிட்டே இழுத்துக் கொல்லும் என்று கொல்லிமலைப் பக்கம் சொல்வார்களே, அந்தப் பாவைதான்.

பாவையின் முகத்தைச் செய்யும் பொறுப்பு அவளுடையது. எங்கள் அம்மா காலத்தில் பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்து, முறத்துக்கும் கூடைக்கும் பூசுவார்கள். அந்தப் பக்குவத்தைப் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். முதல் முகம் வெயிலில் காயும்போது வெடித்துவிட்டது. இரண்டாவதில் மூக்கு சரிந்தது. மூன்றாவது முகத்தை என்னிடம் காட்டினாள். கண்ணுக்குக் கீழே லேசான ஒரு குழி வைத்திருந்தாள். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து பட்டால் சிரிக்கிற மாதிரியும், மறுபக்கத்திலிருந்து பட்டால் அழுகிற மாதிரியும் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போஸ்டர் வந்தது. வாட்ஸ்அப்பில் எனக்கும் அனுப்பினாள். நடுவில் அவள் செய்த முகம். கீழே பெரிய எழுத்தில் இயக்குநரின் பெயர். வேறு ஒரு பெயரும் இல்லை. உடனே போன் செய்தேன்.

“என்ன கண்ணு, உம்பேரு எங்கே?”

“பரவாயில்லைங்க மாமா, போஸ்டர்தானே” என்றாள். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது.

அன்று அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டி பாசடீனா என்றொரு ஊர் இருக்கிறது. 1965-இல் அங்கேயிருந்த சிட்டி காலேஜில் டென்னிஸ் மியூரன் என்ற பையன் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தார். படிப்பு வணிகம், மனசு முழுக்கப் பூதம். 1933-இல் வந்த ‘கிங் காங்’, ரே ஹாரிஹவுசன் உயிர் கொடுத்த சிந்துபாத் படம் என்று இவற்றைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை அது. அப்போது ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்று ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. பூதப் படங்களுக்காகவே நடந்த பத்திரிகை. அதன் ஆசிரியர் ஃபாரஸ்ட் ஆக்கர்மன். அதை வரி விடாமல் படித்த பையன்கள் ஊருக்கு ஒருவர் இருவர் இருந்தார்கள். அப்படிப்பட்ட சிலர் ஒன்றுசேர்ந்தார்கள். மியூரன், பொம்மைகளை அசைப்பதில் தேர்ச்சி பெற்றிருந்த டேவிட் ஆலன், கதை எழுதிய மார்க் மெக்கீ. இவர்களைவிடச் சில வயது மூத்தவர் ஜிம் டான்ஃபோர்த். அதற்குள் ஒரு படத்தின் சிறப்புக் காட்சிகளுக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போய்வந்தவர். அவரும் இந்தப் பையன்களின் படத்துக்கு வந்து கைகொடுத்தார்.

16 மில்லிமீட்டர் படச்சுருள். சுமார் 6,500 டாலர் செலவு. அந்தப் பணம் மியூரனுடைய தாத்தா கொடுத்தது.

கதை இதுதான்: பேராசிரியர் ஒருவரைத் தேடி நான்கு இளைஞர்கள் காட்டுக்குள் போகிறார்கள். ஒரு கிழவரிடமிருந்து பழைய மந்திர நூல் ஒன்று அவர்கள் கைக்கு வருகிறது. அதன்பின் ராட்சசக் குரங்கு வருகிறது, பாறையளவு உயர்ந்த பூதம் வருகிறது, சிறகு முளைத்த பேய் பறந்து வருகிறது. காணாமல்போன பேராசிரியராக வருபவர், மாயக்கதைகள் எழுதிப் பேர்பெற்ற ஃபிரிட்ஸ் லைபர். டேப் ரிக்கார்டரில் கேட்கும் குரல்களில் ஒன்று ஆக்கர்மனுடையது. தாங்கள் யாரைப் படித்து வளர்ந்தார்களோ அவர்களையே பையன்கள் படத்துக்குள் அழைத்து வந்துவிட்டார்கள்.

இந்தப் பூதங்கள் எப்படி வந்தன என்பதுதான் நான் நிறுத்திச் சொல்ல விரும்பும் இடம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பொம்மையின் கையை ஒரு நெல்மணி அளவு நகர்த்த வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி நகர்த்த வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். குரங்கு பத்து விநாடி நடந்துவர 240 தடவை. நடுவில் கை தட்டி பொம்மை சாய்ந்துவிட்டால் அன்றைய வேலை போயிற்று. ஆலன் இப்படித்தான் உட்கார்ந்து நகர்த்தினார். படத்தில் மலைமேல் ஒரு கோட்டையும் தெரியும். அது கல்லால் கட்டியதல்ல. டான்ஃபோர்த் தூரிகையால் வரைந்தது. காட்டையும் ஓவியத்தையும் ஒரே காட்சியாகச் சேர்த்துவிட்டார்கள். உயரமான பூதமோ வேஷம் கட்டிய மனிதர்தான். அவரைக் கேமராவுக்குப் பக்கத்திலும் மற்றவர்களைத் தூரத்திலும் நிறுத்தினார்கள். கேமராவின் ஒற்றைக் கண் ஏமாந்துவிட்டது.

குடும்பக் கதையில் நடிகை நன்றாக அழுதால் படம் நின்றுவிடும். மாயக்கதைக்கு அது போதாது. பூதத்தை யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும். ‘மாயா பஜார்’ படத்தில் லட்டு பறந்துபோய் ரங்காராவின் வாயில் விழுவதை மூன்று தலைமுறையாகப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்த லட்டைப் பறக்கவிட்ட ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே நாற்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

பாசடீனா பையன்களின் படம் 1967-இல் முடிந்தது. ஏறத்தாழ எழுபது நிமிடம். அதை ஜாக் ஹாரிஸ் வாங்கினார். ‘தி பிளாப்’ என்ற வெற்றிப்படத்தைத் தயாரித்தவர். வாங்கியவர் அப்படியே வெளியிடவில்லை. ஜாக் வுட்ஸ் என்பவரைக் கூப்பிட்டுக் கூடுதல் காட்சிகளை எடுக்கச் சொன்னார். பழைய நடிகர்களையே திரும்ப வரவழைத்தார்கள். புதிதாக ஒரு வில்லன் பாத்திரத்தையும் சேர்த்தார்கள். அதில் வுட்ஸே நடித்தார். பையன்கள் வைத்திருந்த நீளமான பெயரை ‘ஈக்வினாக்ஸ்’ என்று சுருக்கி 1970-இல் தியேட்டருக்கு அனுப்பினார்கள்.

டைட்டிலில் இயக்கம் என்ற இடத்தில் ஜாக் வுட்ஸ் பெயர் வந்தது. மியூரனுக்கு இணைத் தயாரிப்பாளர் என்று போட்டார்கள்.

ஹாரிஸை நான் திட்டப்போவதில்லை. அவர் வாங்கியிராவிட்டால் அந்தப் படச்சுருள் ஏதாவது வீட்டுப் பரணில் கிடந்திருக்கும். கூடுதல் காட்சிகளுக்கு அவர் காசு போட்டதும் உண்மை. ஆனாலும் இரண்டு வருடம் பாடுபட்டு ஒரு படத்தை உருவாக்கியவனின் பெயர், அவன் செய்த வேலைக்கு நேரே இல்லை என்றால் அது அநியாயம்தான். போட்ட காசால் அந்த அநியாயம் சரியாகிவிடாது.

பையன்கள் சோர்ந்து உட்காரவில்லை. மியூரன், ஆலன், டான்ஃபோர்த் எல்லாரும் விளம்பரப் படங்களுக்குச் சிறப்புக் காட்சி செய்துதரும் கேஸ்கேட் என்ற கம்பெனியில் வேலை பார்த்தார்கள். பிஸ்கட்டுக்கும் மாவுக்கும் பொம்மையை ஆட்டினார்கள். 1976-இல் ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுக்க ஆள் தேடியபோது மியூரன் அங்கே போய்ச் சேர்ந்தார். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். ‘ஈ.டி.’, ‘டெர்மினேட்டர் 2’, ‘ஜுராசிக் பார்க்’. ஆஸ்கர் விருதுகள் மொத்தம் ஒன்பது. 1999-இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். சிறப்புக் காட்சிக் கலைஞர் ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் தடவை.

சேலத்தில் ‘ஜுராசிக் பார்க்’ பார்த்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், டைனோசர் ஜீப்பைத் துரத்தியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடிகிறவரை விடவில்லை. தாத்தா கொடுத்த காசில் படம் எடுத்த ஒரு மாணவனின் கைவேலையும் அந்தப் பயத்துக்குள் இருந்தது என்று அன்று எனக்குத் தெரியாது.

1967-இன் மூலப் படமும் காணாமல்போகவில்லை. கிரைட்டீரியன் நிறுவனம் 2006-இல் டிவிடி வெளியிட்டபோது பையன்கள் எடுத்ததையும் 1970-இல் வந்ததையும் ஒன்றாகவே வைத்தது. இன்று இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எது யார் செய்தது என்று பார்க்கலாம். சிறகுப் பேயையும் குரங்கையும் கோட்டையையும் எடுத்துவிட்டால் இரண்டிலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

அக்கா மகள் குறுக்கே கேட்டாள்: “அந்தப் பொம்மைக்காரர் என்ன ஆனாருங்க மாமா?” மியூரனின் ஒன்பது ஆஸ்கரைப் பற்றி ஒரு கேள்வியும் அவள் கேட்கவில்லை. தன் சாதிக்காரனை விசாரிக்கிற மாதிரி டேவிட் ஆலனைத்தான் விசாரித்தாள்.

ஆலன் கடைசிவரை பொம்மையை நகர்த்திக்கொண்டுதான் இருந்தார். 1985-இல் வந்த ‘யங் ஷெர்லாக் ஹோம்ஸ்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் மியூரன் பெயரும் ஆலன் பெயரும் சேர்ந்தே வந்தன. பாசடீனா பையன்களின் படத்துக்குக் குரங்கை நகர்த்தி ஏறத்தாழ இருபது வருடம் கழித்து! விருது கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு பெயரும் அவரவர் செய்த வேலைக்கு நேரே இருந்தன.

ஆலனுக்கு இளவயதிலிருந்தே ஒரு கனவுப் படம் இருந்தது. பனிமலையில் ராட்சச ஜீவன், அதைத் தேடிப் போகும் ஒரு கூட்டம், மறைந்து கிடக்கும் பழங்காலத்து உலகம். பிற்பாடு அதற்கு ‘தி பிரைமீவல்ஸ்’ என்று பெயர் வைத்தார். பணம் வரும், நிற்கும். மறுபடி வரும், நிற்கும். 1994-இல்தான் நடிகர்களை வைத்து எடுக்கும் பகுதி முடிந்தது. பொம்மைக் காட்சிகள் பாதியில் இருந்தபோது, 1999-இல், புற்றுநோயில் ஆலன் காலமானார்.

அவரிடம் வேலை பார்த்தவர் கிறிஸ் என்டிகாட். எடுத்த சுருள், பொம்மைகள், குறிப்புகள் எல்லாவற்றையும் அவர் காப்பாற்றி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் டைனோசர் ஓடும் காலம் வந்த பிறகு பொம்மைப் படத்துக்கு யார் காசு போடுவார்கள்? 2018-இல் ரசிகர்களிடம் இணையம் வழியாகச் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார்கள். ஆலன் விட்ட இடத்திலிருந்து, ஆலன் செய்த மாதிரியே, கையால் நகர்த்தி முடித்தார்கள். 2023 ஜூலையில் மான்ட்ரியால் நகரில் நடந்த ஃபேன்டாசியா திரைப்பட விழாவில் படம் திரைக்கு வந்தது. ஆலன் இறந்து ஏறத்தாழ 24 வருடம் ஆகியிருந்தது. மிச்ச வேலையையெல்லாம் முடித்தவர் என்டிகாட். ‘இயக்கம்’ என்ற இடத்தில் அவர் போட்ட பெயர் டேவிட் ஆலன்.

இதைக் கேட்டுவிட்டு அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நாளைக்கு லைட்டு டெஸ்ட் இருக்குதுங்க மாமா, முகத்துக்கு இன்னொரு கோட்டு அடிக்கணும்” என்று போனை வைத்துவிட்டாள்.

அவளுடைய இயக்குநர் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ கெட்டவன் இல்லை என்று அவளே சொல்கிறாள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் டிரைபாடைத் தோளில் சுமந்துகொண்டு ஏறியவனாம் நீ. அப்படியானால் உன்னோடு ஏறியவர்களையும் உனக்குத் தெரியும். முகம் செய்தவள், விளக்குப் பிடித்தவன், சத்தம் பதிந்தவன், எல்லாருக்கும் புளிசாதம் கட்டிவந்தவள். பதினொரு பெயரையும், அவரவர் வேலையோடு, படிக்கிற அளவு எழுத்தில் போஸ்டரில் போடு. மறுபடி அச்சடிக்க ஆகும் செலவு என்னுடையது.