அடுத்த மக்புக் எயார்: சில்லை விட அடிப்படை மாதிரியே கவனிக்கப்பட வேண்டியது

அப்பிள் நிறுவனம் 2025 ஒக்டோபர் 15ஆம் திகதி தனது எம்5 சில்லை அறிவித்தது. 14 அங்குல மக்புக் புரோ, ஐபாட் புரோ, விஷன் புரோ ஆகிய மூன்று சாதனங்கள் அதனைப் பெற்றுக்கொண்டன. அந்த நிறுவனத்தின் மெல்லிய மடிக்கணினியான மக்புக் எயார் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. 2025 டிசெம்பர் நடுப்பகுதியிலும் அது அந்த ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த எம்4 சில்லுடனேயே விற்பனையானது.

ஆகவே, மடிக்கணினி வாங்க நினைத்தவர்கள் பலரிடம் அப்போது இருந்த கேள்வி ஒன்றுதான்: எம்5 எயார் வரும் வரை பொறுத்திருப்பதா, இருப்பதை வாங்கிக்கொள்வதா?

இந்தக் கேள்வியைச் சுற்றி நடக்கும் பேச்சுகளில் பெரும்பாலானவை சில்லின் வேகத்தைப் பற்றியவை. ஆனால் அடுத்த எயாரில் ஓரளவு நிச்சயமாகச் சொல்லக்கூடிய விடயம் அந்தச் சில்லு மட்டும்தான். வாங்குபவரின் பணத்தையும் அந்தக் கணினி எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்பதையும் தீர்மானிக்கப்போவது வேறு இரண்டு எண்கள். அடிப்படை மாதிரியில் எவ்வளவு நினைவகம், எவ்வளவு சேமிப்பகம் என்பவையே அவை. அந்த இரண்டையும் இப்போது தீர்மானித்துக்கொண்டிருப்பது கலிபோர்னியாவில் உள்ள வடிவமைப்பாளர்களை விட, உலக நினைவகச் சந்தைதான்.

ஏற்கனவே தெரிந்த பகுதி

எயாரின் கால அட்டவணை பெரிய இரகசியம் அல்ல. எம்1 எயார் 2020 நவம்பரில் வந்தது. எம்2 எயார் 2022 ஜூலையிலும், எம்3 எயார் 2024 மார்ச்சிலும், எம்4 எயார் 2025 மார்ச்சிலும் கடைகளுக்கு வந்தன. இருபது மாதமாக இருந்த இடைவெளி கடைசியாகப் பன்னிரண்டு மாதமாகச் சுருங்கியுள்ளது. இதே ஒழுங்கின்படி 2026இன் முதல் பாதியில் எம்5 எயாரை எதிர்பார்ப்பது நியாயமாகவே இருந்தது.

அந்தச் சில்லு என்ன செய்யும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அது ஏற்கனவே மக்புக் புரோவில் ஓடிக்கொண்டிருக்கிறது. தாய்வானின் ரி.எஸ்.எம்.சி. நிறுவனம் மூன்றாம் தலைமுறை 3 நனோமீற்றர் முறையில் அதனைத் தயாரிக்கிறது. எல்லா மையங்களும் சேர்ந்து செய்யும் வேலைகளில் எம்4ஐ விட 15 சதவீதம் வரை வேகமானது என அப்பிள் கூறுகிறது. நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே விநாடிக்கு 120 ஜிகாபைட்டாக இருந்த தரவு ஓட்டம் 153 ஜிகாபைட்டாக உயர்ந்துள்ளது. வரைகலைச் செயலகத்தின் ஒவ்வொரு மையத்திலும் செயற்கை நுண்ணறிவுக் கணிப்புகளுக்கான தனி முடுக்கி சேர்க்கப்பட்டிருக்கிறது. அவ்வகை வேலைகளில் உச்ச வேகம் எம்4ஐ விட நான்கு மடங்குக்கும் அதிகம் என்பது நிறுவனத்தின் கூற்று.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தமது கணினியிலேயே இயக்குபவர்களுக்கு இது பெரிய மாற்றம். கட்டுரை எழுதுபவர், கணக்குப் பார்ப்பவர், இணைய வகுப்பில் இருப்பவர் ஆகியோருக்கு எம்4க்கும் எம்5க்கும் உள்ள வேறுபாடு அன்றாடப் பாவனையில் எளிதில் தென்படாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புரோவில் உள்ள எம்5க்கு விசிறி இருக்கிறது. எயாரில் 2020 முதல் விசிறி இல்லை. 11.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உடலில் வெப்பம் உலோகச் சட்டத்தின் வழியாகவே வெளியேற வேண்டும். சில நிமிட வேலையில் இரண்டும் சமமாக ஓடும். அரை மணிநேரம் காணொளியைத் தொகுத்து ஏற்றுமதி செய்யும்போது, சூடேறும் எயார் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில்லு எவ்வளவு முன்னேறினாலும், மெல்லிய உடலுக்குள் அதன் பலன் முழுமையாக வந்து சேர்வதில்லை.

மெலிவுக்குக் கொடுத்த விலை

எயார் பிறந்தபோதே இந்தக் கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிட்டது. 2008 ஜனவரி 15ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து முதல் எயாரை வெளியே எடுத்தார். அதன் விலை 1,799 டொலர். அந்த மெலிவுக்காக இறுவட்டு இயக்கி நீக்கப்பட்டது. யூ.எஸ்.பி. இணைப்பு ஒன்றுதான். இன்டெல் தனது செயலியின் பொதியையே அதற்காகச் சுருக்கிக் கொடுத்தது. பயனாளர் தானே கழற்றி மாற்றக்கூடிய மின்கலமும் இல்லாமல் போனது. 2 ஜிகாபைட் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது.

இறுவட்டு இயக்கியின் இழப்பை உலகம் விரைவில் மறந்துவிட்டது. பற்றவைக்கப்பட்ட நினைவகம் மட்டும் இன்றுவரை வாங்குபவரின் தலையில் இருக்கிறது. இப்போதைய எயாரில் நினைவகம் சில்லின் பொதிக்குள்ளேயே அடங்கியுள்ளது. சேமிப்பகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. முன்பெல்லாம் மடிக்கணினி மெதுவாகிவிட்டால் ஒரு ரேம் அட்டையை வாங்கிப் பொருத்தி மேலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓட்டலாம். இங்கு அந்த வழி இல்லை. வாங்கும் நாளில் எடுத்த முடிவுதான் கடைசிவரை.

இதன் விளைவைக் கடந்த சில ஆண்டுகளில் பார்க்க முடிந்தது. எம்1 எயார் 8 ஜிகாபைட் நினைவகத்துடன் வந்தது. எம்2, எம்3 எயார்களும் அதே அளவுடன்தான் தொடங்கின. மைக்ரோசொஃப்ட் 2024 மே மாதம் தனது புதிய வகைக் கணினிகளுக்குக் குறைந்தபட்சம் 16 ஜிகாபைட் வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஐந்து மாதங்களின் பின்னர், ஒக்டோபர் 30ஆம் திகதி, அப்பிளும் விலையை உயர்த்தாமலே எயாரின் அடிப்படை நினைவகத்தை 16 ஜிகாபைட்டாக்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு 8 ஜிகாபைட் மாதிரியை அதே விலைக்கு வாங்கியவர்களின் சில்லு இன்னும் பல ஆண்டுகளுக்கு வேகமானதாகவே இருக்கும். ஆனால் நினைவகம் நிரம்பும்போதெல்லாம் கணினி சேமிப்பகத்தை நாட வேண்டியிருக்கும். அப்போதுதான் தடுமாற்றம் வரும்.

கடந்த ஐந்து ஆண்டுகளில் எயாருக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள மேம்பாடுகளில் ஒன்று, புதிய சில்லோ புதிய உடலோ இல்லாமல் நடந்த இந்த மாற்றம்தான்.

காத்திருந்தவர்கள் வென்ற ஆண்டு

காத்திருப்பதால் பயனே இல்லை என்று சொல்வதும் தவறு. 2020 மார்ச் 18ஆம் திகதி அப்பிள் புதிய இன்டெல் எயாரை 999 டொலருக்கு அறிவித்தது. எட்டு மாதங்களுக்குள், நவம்பர் 10ஆம் திகதி, அதே விலையில் எம்1 எயார் அறிவிக்கப்பட்டது. வேகத்திலும் மின்கல ஆயுளிலும் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. 2025 செப்டெம்பரில் வெளியான மக் ஓ.எஸ். டாஹோ இயங்குதளம் எம்1 எயாரில் இயங்குகிறது. இன்டெல் எயார்களில் ஒன்றுக்கும் அதில் இடமில்லை.

அந்த மாற்றம் திடீரென வந்ததல்ல. அப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறவுள்ளதாக 2018லேயே செய்திகள் வந்தன. 2020 ஜூன் 22ஆம் திகதி நிறுவனமே அதனை மேடையில் உறுதிப்படுத்தியது. ஜூனுக்குப் பின்னர் இன்டெல் எயாரை வாங்கியவர்கள், அறிவிப்பு கண்முன் இருக்கும்போதே வாங்கியவர்கள்.

கணினியின் அடித்தளமே மாறப்போகிறது என்ற தெளிவான அடையாளம் இருந்தால் பொறுத்திருப்பது இலாபம். எம்4இலிருந்து எம்5க்குப் போவதில் அப்படியான அடையாளம் எதுவும் இல்லை. அது அதே குடும்பத்தின் அடுத்த பிள்ளை.

எதிர்பார்ப்பில் மட்டும் இருப்பவை

ஓலெட் திரை, விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் காட்சி, புதிய உடல் வடிவம் என்பன எயார் குறித்த ஒவ்வோர் ஊகப் பட்டியலிலும் இடம்பெறுகின்றன. தொழில்நுட்ப ரீதியில் இவற்றுக்குத் தடை எதுவும் இல்லை. ஐபாட் புரோவுக்கு 2024 மே மாதமே ஓலெட் திரை வந்துவிட்டது. 120 ஹேர்ட்ஸ் திரை மக்புக் புரோவில் 2021 முதல் இருக்கிறது. 2025இல் சாதாரண ஐபோன் 17க்கும் அது கிடைத்தது.

எயாருக்கு அது கிடைக்காததற்கு வியாபாரக் காரணம் உண்டு. எயாரையும் புரோவையும் பிரித்து நிற்கும் வேலிகளில் திரை முக்கியமானது. அந்த வேலியை இறக்கினால் விலை கூடிய கணினியை வாங்குவதற்கான ஒரு காரணம் குறைந்துவிடும். உடல் வடிவத்தைப் பொறுத்தவரை 2008, 2010, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில்தான் எயார் பெரிய மாற்றங்களைக் கண்டது. இதை மட்டும் நம்பிக் காத்திருப்பவர் ஏமாற வாய்ப்பு அதிகம்.

வைஃபை 7 சற்று வேறுபட்டது. 2025 செப்டெம்பரில் ஐபோன் 17 வரிசையுடன் அறிமுகமான அப்பிளின் சொந்த என்1 இணைப்புச் சில்லு அதனை ஆதரிக்கிறது. ஒக்டோபரில் வந்த ஐபாட் புரோவிலும் அது உள்ளது. அதே நாளில் வந்த எம்5 மக்புக் புரோவில் இல்லை. எயாருக்கு அது வருவது சாத்தியமாகவே இருந்தது. ஆனால் வீட்டிலோ அலுவலகத்திலோ வைஃபை 7 ரவுட்டர் இல்லாதவருக்கு அதனால் உடனடிப் பலன் இல்லை.

உண்மையான இழுபறி

இப்போது சேமிப்பகத்துக்கு வருவோம். எயாரின் அடிப்படைச் சேமிப்பகம் 2020 மார்ச்சில் 256 ஜிகாபைட்டானது. 2025 டிசெம்பர் வரை அந்த எண் நகரவில்லை. இதற்கிடையில், 799 டொலர் ஐபோன் 17 2025இல் 256 ஜிகாபைட்டுடன் தொடங்கியது. மடிக்கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் ஒரே அளவு சேமிப்பகம் என்ற நிலை நீண்ட நாள் தாங்காது. அடுத்த எயாரில் எதிர்பார்க்க நியாயமான ஒரு மேம்பாடு உண்டென்றால், அது 512 ஜிகாபைட்தான்.

ஆனால் சந்தை எதிர்த்திசையில் ஓடுகிறது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பங்கை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்களே தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் கேட்கும் உயர்வேக நினைவகத்தில் இலாபம் அதிகம் என்பதால் மூன்றும் தமது உற்பத்தித் திறனை அந்தப் பக்கம் திருப்பியுள்ளன. சாதாரணக் கணினிகளுக்கான நினைவகத்தின் விலை 2025இன் பிற்பகுதியில் கடுமையாக உயர்ந்தது. டிசெம்பர் 3ஆம் திகதி மைக்ரோன், நுகர்வோருக்கு நேரடியாக விற்றுவந்த தனது 'குரூஷியல்' வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. நுகர்வோருக்கான அனுப்பல்கள் 2026 பெப்ரவரி இறுதியுடன் நிற்கும் என அது கூறியது.

அப்பிள் போன்ற பெரிய கொள்வனவாளர் நீண்டகால ஒப்பந்தங்களால் சிறிது காலம் இந்த அடியைத் தாங்கலாம். மேலதிக நினைவகத்துக்கு அது வசூலிக்கும் விலையிலும் இடம் இருக்கிறது. 2025இல் எயாரில் 16 ஜிகாபைட்டிலிருந்து 24க்குப் போக 200 டொலர். 256இலிருந்து 512 சேமிப்பகத்துக்குப் போக இன்னொரு 200 டொலர். சிறிய நிறுவனங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே விலை உயர்வு முதலில் தென்படப்போவது மலிவான விண்டோஸ் மடிக்கணினிகளில். எயாரிலும் 512 ஜிகாபைட் வந்து, கூடவே 999 டொலர் என்ற தொடக்க விலை மேலே நகர்ந்தால் அதில் வியப்பில்லை. அப்போது மேம்பாடு எது, விலை உயர்வு எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

நமது கணக்கு

இலங்கையிலிருந்து வாங்குபவருக்கு இந்தக் கணக்கில் இன்னொரு வரி கூடுகிறது. 2022 மார்ச் ஆரம்பத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் அது 360 ரூபாயைத் தாண்டியது. வரிகளைச் சேர்க்காமலே, 999 டொலர் மடிக்கணினி இரண்டு இலட்சத்திலிருந்து மூன்றரை இலட்சத்துக்கும் மேல் போனது. அந்த வசந்தத்தில் எம்2 வரட்டும் என்று பொறுத்திருந்தவர் இழந்தது, எந்தச் சில்லும் ஈடுசெய்ய முடியாத தொகை. இன்று நாணயம் அன்றைய கொந்தளிப்பில் இல்லை. ஆனாலும் ஒரு டொலர் 300 ரூபாயைத் தாண்டிய நிலையில், 200 டொலர் நினைவகப் படி ஒன்று அறுபதாயிரம் ரூபாய்.

இவற்றை வைத்துப் பார்த்தால் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். எம்1 அல்லது அதற்குப் பிந்திய எயார் வைத்திருப்பவர், நினைவகம் போதாமல் திணறாத வரை, எம்5க்காக அவசரப்படத் தேவையில்லை. இன்டெல் எயாரில் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு எம்4 எயாரே பெரிய பாய்ச்சல். படிப்புக்கோ வேலைக்கோ இப்போது கணினி தேவைப்படுபவர் மூன்று மாதம் தள்ளிப்போட்டுப் பெறுவது குறைவு. நினைவக விலை இதே போக்கில் சென்றால் இழக்கவும் கூடும். அவசரம் இல்லாதவரும், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியில் இயக்க விரும்புபவரும் பொறுத்திருந்து பார்க்கலாம். புதியது வந்தால் எம்4 எயாரின் விலை இறங்கவும் வாய்ப்புண்டு.

எதை வாங்கினாலும், கைவசமுள்ள பணத்தில் முதல் பங்கு நினைவகத்துக்கும் சேமிப்பகத்துக்கும் போகட்டும். வெளிப்புறச் சேமிப்பகத்தையாவது பின்னர் ஒரு கம்பியில் இணைத்துக்கொள்ளலாம். நினைவகத்துக்கு அந்த வழியும் கிடையாது. அடுத்த எயார் அறிவிக்கப்படும் நாளில் மேடையில் எம்5 என்ற பெயரே பெரிதாக ஒலிக்கும். வாங்க நினைப்பவர் அன்று முதலில் தேட வேண்டியது விலைப்பட்டியலின் அடிவரியில் உள்ள மாதிரியை: அது எத்தனை ஜிகாபைட், எத்தனை டொலர்?