முதலில் தராசு, பிறகு படகு



பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, வானொலி அலையால் இயங்கும் மாதிரிப் படகு ஒன்றைச் செய்வதென்று முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்து என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் கடைக்குச் செல்வார்கள். பெரிய மோட்டாராகப் பார்த்து வாங்குவார்கள். வசதியுள்ளவர்கள் முழுப் படகையே வாங்கிவந்து, வண்ணம் பூசி, மேசைமேல் வைப்பார்கள். நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. நீங்கள் முதலில் செல்லவேண்டிய இடம் கடையன்று. உங்கள் இயற்பியல் ஆய்வகத்தின் தராசு!

கம்பித் தொடர்பின்றிப் படகைச் செலுத்துவது புதிய வித்தையன்று. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா இத்தகைய படகொன்றை நியூயார்க் நகரில் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அன்று, கட்டளையை அலைவழியே அனுப்புவதுதான் சவால். இன்றோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் வேலை செய்யும் அனுப்பியும் ஏற்பியும் கடையிலேயே கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பகுதியை வேறொருவர் உங்களுக்காகச் சிந்தித்து முடித்துவிட்டார். நீங்கள் சிந்திக்க மிஞ்சியிருப்பது படகின் உடல்தான். அதையும் விலைக்கு வாங்கிவிட்டால், உங்கள் செயல்திட்டத்தில் உங்களுடையது எது?

ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கிறது. ஒரு கன செ.மீ. நீரின் நிறை 1 கிராம். இந்த இரண்டு வரிகளே ஒரு படகை வடிவமைக்கப் போதும்.

30 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள படகை எடுத்துக்கொள்வோம். அது செவ்வகப் பெட்டியாக இருந்தால், ஒவ்வொரு செ.மீ. அமிழும்போதும் 300 கிராம் தாங்கும். முன்பக்கம் கூராக இருப்பதால், பத்தில் ஏழு பங்கு, அதாவது 210 கிராம் என்று கொள்ளலாம். இனி ஒரு பட்டியல் எழுதுங்கள். தெர்மோகோலில் செதுக்கிக் காகிதம் ஒட்டிய உடல் 70 கிராம், மோட்டார் 40, நான்கு பென்சில் செல்களும் அவற்றின் கூடும் 100, ஏற்பியும் சுக்கானைத் திருப்பும் சிறு செர்வோவும் 20, புரொப்பெல்லரும் அதன் தண்டும் 30, கம்பி, பசை, வண்ணம் 40. ஆக மொத்தம் 300 கிராம். 300ஐ 210ஆல் வகுத்தால், படகு ஏறத்தாழ 1.4 செ.மீ. ஆழம் அமிழும். படகைச் செய்யுமுன்பே அது நீரில் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது! நான் கூறியவை மாதிரி எண்களே. உங்கள் பொருள்களை நீங்களே நிறுத்துப் பார்த்து எழுதவேண்டும்.

“எடை சற்றுக் கூடினால் என்ன, பெரிய மோட்டார் போட்டுவிடலாமே” என்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய மோட்டாருக்கு அதிக மின்கலங்கள் வேண்டும். அவற்றைச் சுமக்கப் பெரிய உடல் வேண்டும். அதை நகர்த்த இன்னும் பெரிய மோட்டார்! கடனுக்கு வட்டி ஏறுவதுபோல எடைக்கு எடை ஏறும். மேலும், நீரைப் பிளந்து செல்லும் படகு தன் நீளத்துக்கேற்ற ஒரு வேகத்தை நெருங்கியதும், மிகுதித் திறன் பெரும்பாலும் அலை எழுப்புவதிலேயே வீணாகும். 30 செ.மீ. படகுக்கு அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.7 மீட்டர். அதைக் கடந்து நீர்ப்பரப்பின்மீது சறுக்கி ஓடவேண்டுமானாலும் படகு இலேசாக இருந்தாகவேண்டும்.

இலேசாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது, நிமிர்ந்தும் நிற்கவேண்டும். எனவே கனமான மின்கலங்களை அடித்தளத்தில் வையுங்கள். அகலத்தையும் கவனியுங்கள். சாய்ந்த படகை நிமிர்த்துவதில் நீர்மட்டத் தளத்தின் பங்கு, அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. 10 செ.மீ. அகலத்தை 12 ஆக்கினால் அந்தப் பங்கு சுமார் 1.7 மடங்காகும்.

இதை அலட்சியம் செய்தால் அரசனின் கப்பலும் தப்பாது. சுவீடன் நாட்டின் ‘வாசா’ போர்க்கப்பல் 1628ஆம் ஆண்டு தன் முதல் பயணத்திலேயே, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடச் செல்லாமல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்து மூழ்கியது. அதன் மேற்பகுதியில் எடை மிகுந்திருந்தது. புறப்படுமுன் முப்பது பேரைத் தளத்தின் குறுக்கே இங்குமங்கும் ஓடவிட்டுச் சோதித்திருந்தார்கள். கப்பல் அபாயகரமாக ஆடியதால் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை! சோதனை உண்மையைச் சொன்னது. கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படகின் பளபளப்பைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். “உன் எடைப் பட்டியல் எங்கே?” என்று கேளுங்கள். விலையுயர்ந்த படகு கொண்டுவந்தவனும், தெர்மோகோல் துண்டைச் செதுக்கியவளும் அந்தக் கேள்வியின் முன் சமமாவார்கள். பணமில்லாத மாணவனுக்கு அறிவியல் தரக்கூடிய நீதி அதுதான்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். படகைத் தொட்டியில் விடுமுன், கணக்கிட்ட ஆழத்தில் அதன் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு வரையுங்கள். பிறகு நீரில் விடுங்கள். நீர் அந்தக் கோட்டைத் தொட்டு நின்றால், அந்தப் படகு உங்கள் வடிவமைப்பு என்று துணிந்து சொல்லலாம். கோடு நீருக்கு மேலோ கீழோ நின்றால் வருந்தவேண்டாம். எந்த எடையை மறந்தோம், எந்த அளவு பிழைத்தது என்று தேடுங்கள். அந்தத் தேடலைக் குறிப்பேட்டில் எழுதிக் கண்காட்சிக்குக் கொண்டுவாருங்கள். பரிசுக்கு உரியது அந்தக் குறிப்பேடே!