ஒரே அமோனியா... ஊருக்கு ஒரு விலை!

உரக்கடையில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2018-ல் மூட்டையின் எடை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. அன்றிலிருந்து ஏறக்குறைய இதே விலைதான். இடையில் பெட்ரோல் ஏறியது, சிலிண்டர் ஏறியது, தக்காளிகூட சதமடித்து இறங்கியது. யூரியா மட்டும் அசையவே இல்லை.

ஆனால், யூரியாவுக்குத் தாய்ப்பொருளான அமோனியாவின் உலகச் சந்தை விலையைப் பார்த்தால் தலைசுற்றும். அமெரிக்காவின் டாம்பா துறைமுக விலையைத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மாதாமாதம் உற்றுப் பார்ப்பார்கள். 2020-ல் அங்கே ஒரு டன் 200 டாலரை ஒட்டி இருந்தது. 2022 ஏப்ரலில் 1,625 டாலர்! 2023 கோடையில் மறுபடியும் 300 டாலருக்குக் கீழே வந்துவிட்டது.

அதைவிட வேடிக்கை, ஒரே மாதத்தில் ஓர் ஊரில் லாபத்துக்கு ஓடிய அமோனியா ஆலை, இன்னோர் ஊரில் நஷ்டம் தாங்காமல் மூடப்பட்டது. பொருள் ஒன்றுதான், செய்முறையும் ஒன்றுதான். பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? உரம் வாங்குபவர்கள் மட்டுமல்ல, சோறு சாப்பிடும் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

எரிவாயுதான் எல்லாமே!

அமோனியா என்பது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. நைட்ரஜன் காற்றிலேயே இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். ஹைட்ரஜனுக்குத்தான் செலவு. உலகின் பெரும்பாலான ஆலைகள் அதை இயற்கை எரிவாயுவிலிருந்துதான் பிரித்தெடுக்கின்றன. 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்தத் தொழில்நுட்பத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு டன் அமோனியா செய்யச் சராசரியாக 35 'எம்.எம்.பி.டி.யூ' எரிவாயு வேண்டும். எரிவாயுவை விற்கும் அளவு அது. வாயில் நுழையாவிட்டால் 'யூனிட்' என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு சுலபம். உள்ளூரில் ஒரு யூனிட் எரிவாயு என்ன விலையோ, அதை 35-ஆல் பெருக்குங்கள். அந்த ஊரில் அமோனியா செய்ய ஆகும் பெரும்பங்குச் செலவு கிடைத்துவிடும்.

2022 ஆகஸ்டுக்குப் போவோம். ரஷ்யா - உக்ரைன் போரால் ஐரோப்பாவுக்கு வரும் ரஷ்ய எரிவாயு சுருங்கிப்போயிருந்த நேரம். அமெரிக்காவில் ஒரு யூனிட் 9 டாலர் அளவில் இருந்தது. 35-ஆல் பெருக்கினால் 315 டாலர். அதே மாதம் ஐரோப்பாவில் எரிவாயு ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. அதை யூனிட்டாக மாற்றினால் கிட்டத்தட்ட 88 டாலர். ஒரு டன் அமோனியாவுக்கு எரிவாயுச் செலவு மட்டுமே 3,000 டாலருக்கு மேல்! சமைத்துச் சாப்பிடுவதைவிட ஹோட்டலில் வாங்கிச் சாப்பிடுவது மலிவு என்கிற நிலை.

ஐரோப்பிய ஆலைகள் அதைத்தான் செய்தன. நார்வேயின் யாரா நிறுவனம், ஐரோப்பாவில் தன் அமோனியா உற்பத்தியை மொத்தத் திறனில் சுமார் 35 சதவிகிதமாகக் குறைப்பதாக அந்த மாதமே அறிவித்தது. 2023 பிப்ரவரியில் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம், லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் இருந்த தன் இரண்டு அமோனியா ஆலைகளில் ஒன்றை மூடுவதாகச் சொன்னது. முதல் ஆலை பிறந்த ஓப்பாவ், இன்று அந்த நகரத்தின் ஒரு பகுதி!

வளைகுடா நாடுகளின் கதை வேறு. காலடியிலேயே எரிவாயு கிடைப்பதால் செலவு குறைவு. மற்ற ஊர்களில் விலை ஏற ஏற அவர்களுக்கு லாபம். சீனா பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து அமோனியா எடுக்கிறது. ஆகவே அங்கே நிலக்கரி விலைதான் பேசும். 2021 அக்டோபரில் உர ஏற்றுமதிக்குச் சீனா கெடுபிடி விதித்ததும், உலகச் சந்தையில் யூரியா விலை இன்னும் சூடேறியது.

மலிவான ஊரிலிருந்து வாங்கிவிட்டால்?

நல்ல கேள்வி. ஆனால், அமோனியா அரிசி மூட்டை இல்லை. சாதாரண அழுத்தத்தில் அதைத் திரவமாக வைத்திருக்க மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அதற்கென்றே கட்டிய கப்பல், அதற்கென்றே கட்டிய சேமிப்புத் தொட்டி எல்லாம் வேண்டும். கசிந்தால் ஆபத்து. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடியது நினைவிருக்கும். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் ஏற்பட்ட கசிவுதான் அதற்குக் காரணம்.

இத்தனை சிக்கல் இருப்பதால், உலகில் ஆண்டுக்குத் தயாராகும் சுமார் 18 கோடி டன்னில் பத்தில் ஒரு பங்குதான் கடல் தாண்டுகிறது. மீதியில் பெரும்பகுதி, செய்த இடத்திலேயே உரமாகிவிடுகிறது. சந்தை இவ்வளவு சிறியது என்பதால், ஒரு வழி அடைபட்டாலும் விலை துள்ளுகிறது.

ரஷ்யாவின் டோலியாட்டியிலிருந்து உக்ரைனின் ஒடெசா பக்கத்துத் துறைமுகம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அமோனியாக் குழாய் இருந்தது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் வரை கொண்டுபோகும் குழாய். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் அது நின்றது. 2023 ஜூனில் கார்கிவ் பகுதியில் சேதமடைந்தது. டாம்பா விலை 1,625 டாலரைத் தொட்டதற்கு இந்தக் குழாய் நின்றதும் ஒரு முக்கியக் காரணம்.

பில் யாருக்கு வருகிறது?

விலை ஏறினால் யாராவது ஒருவர் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? ஐரோப்பாவில் ஆலைகளும் அங்கே வேலை பார்த்தவர்களும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மக்காச்சோள விவசாயிகள் அமோனியாவை நேரடியாகவே மண்ணுக்குள் செலுத்துவார்கள். 2022 வசந்த காலத்தில் ஒரு டன்னுக்கு 1,500 டாலர் வரை அவர்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள்.

இந்தியாவில்? 2021 நவம்பரில் நாம் டெண்டர் விட்டு வாங்கிய யூரியா, டன்னுக்கு 1,000 டாலரை ஒட்டி வந்தது. அன்றைய ரூபாய் மதிப்பில் ஒரு மூட்டைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3,300 ரூபாய். விவசாயி கொடுத்தது 266 ரூபாய் 50 காசு. மீதியைக் கொடுத்தது மத்திய அரசு, அதாவது வரி கட்டும் நாம் எல்லோரும். 2022-23-ல் உர மானியம் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்.

'உள்நாட்டிலேயே தயாரித்தால் தப்பிக்கலாமே?' என்று தோன்றும். மணலி உர ஆலையும் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் முன்பு நாப்தாவில் ஓடின, இப்போது எரிவாயுவுக்கு மாறிவிட்டன. செலவு குறைந்தது உண்மை. ஆனால், நாட்டின் யூரியா ஆலைகள் பயன்படுத்தும் எரிவாயுவில் பெரும்பகுதி, கப்பலில் வரும் எல்.என்.ஜி. மூட்டையில் 'இந்தியத் தயாரிப்பு' என்று இருந்தாலும், அதற்குள் வெளிநாட்டு எரிவாயு ஒளிந்திருக்கிறது.

மானியம் தவறு என்று சொல்ல வரவில்லை. அன்று அந்தச் சுமை நேராக விவசாயியின் தலையில் விழுந்திருந்தால், பலர் நடவையே கைவிட்டிருப்பார்கள். நம் வீட்டு அரிசி விலையும் ஏறியிருக்கும். ஆனால், கடை விலையை நிறுத்திவைத்தாலும் பற்றாக்குறையை நிறுத்த முடிவதில்லை. 2024 ரபி பருவத்தில் பஞ்சாப், ஹரியானாவில் டி.ஏ.பி-க்கு அலைந்தார்கள். 2025 காரீஃப் பருவத்தில் தெலங்கானாவில் யூரியாவுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது. இறக்குமதி விலையும் மானியமும் சேர்ந்து கட்டுப்படியாகவில்லை என்றால், டி.ஏ.பி நிறுவனங்கள் சரக்கைக் குறைத்துக்கொள்கின்றன. மூட்டையின் விலை மாறாது, மூட்டைதான் கிடைக்காது. 'யூரியா வேண்டுமானால் இதையும் வாங்கு' என்று வேறொன்றைத் தலையில் கட்டும் கடைக்காரருக்கும் அப்போதுதான் கொண்டாட்டம்.

இனி எதைக் கவனிக்கலாம்?

முதலாவது, வளைகுடா. உலகில் அமோனியாவை அதிகம் இறக்குமதி செய்யும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நமக்கு அது பெரும்பாலும் வளைகுடாப் பகுதியிலிருந்துதான் வருகிறது. கத்தாரின் எல்.என்.ஜி-யும் ஹோர்முஸ் ஜலசந்தி வழியாகத்தான் வந்தாக வேண்டும். அங்கே பதற்றம் என்று செய்தி வந்தால், அது பெட்ரோல் விலைச் செய்தி மட்டும் அல்ல, உரச் செய்தியும்தான்.

இரண்டாவது, ஐரோப்பாவின் குளிர்காலம். குளிர் கடுமையானால் வீடுகளைச் சூடாக்க எரிவாயு அதிகம் போகும். அங்கே விலை ஏறினால் ஆலைகள் நிற்கும், அவர்களும் கப்பல் சரக்குக்குப் போட்டிக்கு வருவார்கள்.

மூன்றாவது, பசுமை அமோனியா. எரிவாயுவுக்குப் பதில் சூரிய, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முறை. 2025-ல் மத்திய அரசின் 'செகி' நிறுவனம் நடத்திய ஏலத்தில், ஒடிசாவின் பாரதீப் உர ஆலைக்குக் கிலோ 55 ரூபாய் 75 காசு என்ற விலை வந்தது. வழக்கமான அமோனியா மலிவாக இருக்கும் காலங்களோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான். ஆனால், பத்து ஆண்டுகளுக்கு இதே விலை. எந்த நாட்டில் போர் வந்தாலும் மாறாது என்பதுதான் இதன் மதிப்பு.

இதெல்லாம் அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியவை. வயல் வைத்திருப்பவர்கள் இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. யூரியா மலிவாகக் கிடைப்பதால் தழைச்சத்தைக் கொட்டிவிட்டு, மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் குறைத்துவிடுகிறோம். பயிர் பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். கூடவே புகையானும் இலைச்சுருட்டுப்புழுவும் வரும், கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாயும்.

நெல்லுக்கு மேலுரம் இடும் முன் இலை வண்ண அட்டையை இலையோடு வைத்துப் பாருங்கள். அட்டை உங்களிடம் இல்லை என்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். இலை போதுமான பச்சையில் இருந்தால் அந்த முறை யூரியா தேவையில்லை. ஒரு மூட்டை மிச்சமானால் உங்களுக்கு 266 ரூபாய் 50 காசு மிச்சம். பூச்சிமருந்துச் செலவும் குறையும். நாட்டுக்கு மிச்சமாவது அதைப்போலப் பல மடங்கு.