ஒளித்துவைத்த பாட்டு



காரைக்காலில் அரசலாறு கடலோடு சேரும் கரையில், தேநீர்க்கடை வானொலியில் 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படப்பாடல் ஒலித்தால் என் நடை தாமதிக்கும். சபையார் யாரேனும் காண்கிறார்களோ என்று கண்கள் தேடும். எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் அதே குரலில் கிறிஸ்தவப் பாடல்களை நாம் வெட்கமின்றிக் கேட்கிறோமே!

சினிமாப் பாட்டெல்லாம் நல்லதென்று சொல்லேன். சில பாடல்களுக்குக் காதைப் பொத்தத்தான் வேண்டும். ஆனால் இதை, வீட்டில் சினிமாப் பாட்டையே அனுமதியாத என் தகப்பனார் ஒருநாள் தனிமையில் முணுமுணுத்தார். ஏனென்று நான் கேட்கவில்லை. இன்று கேட்க அவரில்லை. பாட்டை ஒளித்த வெட்கத்தில் அவரைக்குறித்த துக்கத்தையும் ஒளித்துவிட்டேன்.

உன்னதப்பாட்டை வேதத்தில் வைத்த தேவனிடம் நீங்களும் எதையேனும் இப்படி மறைக்கிறீர்களோ? சென்ற வாரம் ஜெபத்தில் அந்தப் பாட்டையும் தகப்பனாரையும் சேர்த்தே சொன்னேன். வெகுநேரம் அழுதேன்.