மனைவி பெயரில் பங்கு



பெரிய தொழிற்சாலைகளுக்காகக் காலணியின் மேற்பகுதியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் பல உள்ளன. அத்தகைய கூடமொன்றைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்துள்ள அன்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் வந்தார். "சாமி, பாதிப் பங்குகளை வீட்டுக்காரி பேருக்கு மாற்றினால் வரி குறையுமாமே?" என்றார். கோவில் பங்கை மட்டுமே அறிந்த நாம், தணிக்கையாளர் ஒருவரைக் கேட்டுத் தெளிந்தோம்.

கணவன் தன் பங்குகளை மனைவிக்கு இலவசமாகக் கொடுத்தால் பங்குகள் அவளுடையவையே. ஆனால் அவற்றின் ஈவுத்தொகை கணவனின் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவு வகுத்த இவ்விதியை, அதன் பின் வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டமும் கைவிடவில்லை. இங்கிலாந்தில் ஆர்க்டிக் சிஸ்டம்ஸ் என்னும் சிறு கம்பெனியில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பங்கு வைத்திருந்தனர். மனைவியின் ஈவுத்தொகைக்குக் கணவனே வரி செலுத்த வேண்டும் என வாதாடிய வரித்துறை, 2007இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. அங்குள்ள உறவினர் சொற்கேட்டு இங்கே நடத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் ஒருவர் வென்றார். கல்கத்தாவில் பிலிப் தாமஸ் என்பவர் 1947 டிசம்பரில் தமக்கு நிச்சயித்த பெண்ணுக்குப் பங்குகளை அளித்து, மறுமாதம் மணந்தார். அளித்த நாளில் அப்பெண் மனைவியல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. மணமாகிப் பதினெட்டு ஆண்டான நம் அன்பருக்கு இவ்வழி அடைபட்டது!

"அம்மா கூடத்தில் என்ன செய்கிறார்?" என்று கேட்டோம். மணத்திற்கு முன் எட்டாண்டு தொழிற்சாலையில் தையல் மேற்பார்வை பார்த்தவராம். இப்போதும் தோலை எண்ணி வாங்குவதும், தையல் பிசகைக் கண்டுபிடிப்பதும் அவரே. "அவள் இல்லாவிட்டால் கூடமே நடக்காது, சாமி." சம்பளம்? ஒன்றுமில்லை.

வழி இங்கேதான் இருந்தது. கணவனும் உறவினரும் 20 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குரிமைப் பங்கு வைத்துள்ள கம்பெனியில் மனைவி பெறும் சம்பளமும் பொதுவாகக் கணவன் கணக்கில்தான் சேரும். ஆயினும் தொழில்திறன் உடையவளாய், அத்திறனுக்காகவே அவள் பெறும் ஊதியம் அவளுடையது. அதற்குப் பட்டம் கட்டாயமன்று என்று ஆந்திர உயர் நீதிமன்றம் எண்பதுகளில் கூறியது. அனுபவத்துக்குச் சான்று வேண்டும். ஊதியம் கம்பெனியின் செலவாகவும் கழியும். ஈவுத்தொகையோ, கம்பெனி வரி கட்டிய இலாபத்திலிருந்து வருவது; 2020 ஏப்ரல் முதல் பெறுபவரும் அதற்கு வரி கட்டவேண்டும். அவ்வூதியத்தைச் சேமித்தோ தாய்வீட்டுச் சீதனத்தாலோ அவர் வாங்கும் பங்கின் ஈவு அவருக்கே உரியது. வேலை செய்யாதவர் பெயரில் எழுதும் சம்பளம் பொய்க்கணக்கு. அதில் நமக்கு உடன்பாடில்லை.

மறுவாரம் இருவரும் வந்தனர். அனைத்தையும் கேட்ட அம்மா, "இத்தனை வருஷம் பார்த்த வேலைக்கு?" என்றார். முன்தேதியிட்டுச் சம்பளம் எழுத இயலாது என்றோம். அன்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.