கலைச்சொல் இருக்கிறது, வாக்கியம் எங்கே?

கைபேசியில் எடுத்த காட்சியை ஒரு ஸ்டாக் தளம் ஏன் திருப்பி அனுப்புகிறது என்ற கேள்விக்கு எழுத்துத் தமிழில் பத்து வரி விடை தேடிப் பாருங்கள். ‘காணொளி’ என்ற சொல் கிடைக்கும். ‘நிகழ்படம்’, ‘விழியம்’ என்ற மாற்றுச் சொற்களும், அவற்றுள் எது தகுந்தது என்ற விவாதமும் கிடைக்கும். கோப்பை என்ன செய்தால் தளம் ஏற்கும் என்பது மட்டும் எளிதில் கிடைக்காது.

என் குற்றச்சாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கல்வியுலகம் கருவிகளுக்குப் பெயர் சூட்டுவதை ஆய்வு என்றும், அவற்றை இயக்கக் கற்றுத்தரும் வாக்கியத்தை எழுதுவதைக் கடைநிலைப் பணி என்றும் பிரித்து வைத்திருக்கிறது. மொழியியல் படித்தவள் என்ற முறையில் இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. இதன் விலையை நாம் கொடுப்பதும் இல்லை. கையில் கைபேசி வைத்திருக்கும் தாராவி இளைஞர்கள் கொடுக்கிறார்கள்.

ஸ்டாக் தளங்களை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், பாண்ட்5 போன்றவை சிறு காட்சித் துணுக்குகளைப் பொதுமக்களிடமிருந்து பெற்று, விளம்பரக்காரர்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் ஆவணப்பட இயக்குநர்களுக்கும் உரிமம் கொடுத்து விற்கும் தளங்கள். உலகில் எங்கோ ஒருவர் தம் படத்தில் ‘மும்பை’ என்று மூன்று நொடி காட்ட விரும்பினால், பெரும்பாலும் இங்குதான் தேடுகிறார். தாராவி என்றால் குப்பையும் சாக்கடையும் தகரக் கூரையும் என்ற சித்திரம் இத்தகைய தேடல்களால்தான் மறுபடி மறுபடி உறுதிப்படுகிறது. விடியுமுன் இட்லி அவித்து மும்பைத் தெருவெங்கும் அனுப்பும் தமிழ்க் குடும்பங்களும், கும்பர்வாடாச் சூளைகளும், தொண்ணூறடிச் சாலைப் பொங்கலும் வேண்டுமானால், அவற்றை உள்ளிருந்து எடுத்தவர்களின் கோப்புகள் அங்கே சென்று சேர வேண்டும். அவை சேராமல் போவதற்குக் கலைக்கண் இல்லாமை காரணமன்று. பல வேளைகளில் வடிவம்தான் காரணம்.

‘வடிவம் ஆதரிக்கப்படவில்லை’ என்ற அறிவிப்பைப் பாருங்கள். ஆங்கிலத் தொடரை எழுத்தெண்ணிப் பெயர்த்த வாக்கியம் இது. தமிழில் ஆதரிப்பது என்றால் அநாதையை ஆதரிப்போம், ஒரு கட்சியை ஆதரிப்போம். கோப்பை எப்படி ஆதரிப்பது? எழுவாயும் இல்லை, காரணமும் இல்லை, அடுத்து என்ன செய்வது என்ற ஏவலும் இல்லை. இதையே ‘உங்கள் கோப்பின் உள்ளே இருப்பது எச்.இ.வி.சி. முறையில் சுருக்கிய காட்சி, எங்களால் அதைத் திறக்க முடியவில்லை, எச்.264 முறைக்கு மாற்றி அனுப்புங்கள்’ என்று எழுதினால் பத்தாம் வகுப்பு படித்தவர் பிழைத்துக்கொள்வார். முதல் வாக்கியத்தில் கலைச்சொல் குறைவில்லை, உதவிதான் இல்லை.

‘இது அவ்வளவு எளிதா?’ என்பவர்களுக்காக, கைபேசிக் காட்சிகள் தடுமாறும் ஐந்து இடங்களை இங்கேயே எழுதிக் காட்டுகிறேன்.

ஒன்று, டப்பாவும் சாப்பாடும். மும்பைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எம்.பி.4, எம்.ஓ.வி. என்பவை டப்பாக்கள். எச்.264, எச்.இ.வி.சி. என்பவை உள்ளிருக்கும் சாப்பாடு, அதாவது காட்சியைச் சுருக்கும் முறைகள். இவற்றைக் கோடெக் என்பார்கள். கோப்புப் பெயரின் வாலை எம்.ஓ.வி. என்பதிலிருந்து எம்.பி.4 என்று திருத்துவது டப்பாவின் மேல் வேறு பெயர் எழுதுவதற்கு ஒப்பாகும், சாப்பாடு மாறாது. 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் ஐபோன்கள் எச்.இ.வி.சி. முறையைக் கையாள்கின்றன. கேமரா அமைப்புகளில் ‘ஃபார்மட்ஸ்’ என்ற பகுதிக்குச் சென்று ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தெரிவு செய்தால், வழக்கமான தெளிவளவுகளில் எச்.264 கிடைக்கும். ஏற்கெனவே எடுத்த காட்சியை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். மாற்றியதை மறுபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

இரண்டு, ஒழுங்கற்ற பிரேம் வீதம். நொடிக்கு 30 பிரேம் என்று கைபேசி சொன்னாலும் அது எப்போதும் உண்மையன்று. வெளிச்சம் குறைந்தாலும் கருவி சூடேறினாலும் வீதம் ஏறி இறங்கும். தொகுப்பு மென்பொருளில் ஒலி ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமும் போவது பெரும்பாலும் இதனால்தான். ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தெரிவு செய்து மாற்றினால் வீதம் சீராகும். ஐபோனில் ‘ஆட்டோ எஃப்.பி.எஸ்.’ வசதியை முன்கூட்டியே அணைத்துவிட்டால், இருட்டில் வீதம் தானாகக் குறைவது நிற்கும்.

மூன்று, மினுக்கல். இது நம் ஊருக்கே உரிய சிக்கல். அமெரிக்கப் பயனருக்கு எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பெயர்த்தால் தவறாகப் போகும் இடமும் இதுவே. இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. எனவே பல குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. அமெரிக்காவில் 60 சுழற்சி, 120 துடிப்பு. நொடிக்கு 30 பிரேமும் 1/60 நொடி ஷட்டரும் அந்த ஊருக்குப் பொருந்தும்; தாராவியின் தையற்கூடத்தில் அவற்றைக் கொண்டு எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக இருள் ஓடும். இங்கே நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். ஐபோனில் ‘ஷோ பி.ஏ.எல். ஃபார்மட்ஸ்’ என்பதை இயக்கினால் 25 என்ற தெரிவு தோன்றும். ஷட்டரைக் கையால் அமைக்க, பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி போதும். இந்தக் குறையைப் பின்னர் எந்த வடிவமாற்றியும் முழுமையாகத் தீர்க்காது. எடுக்கும்போதே தீர்த்தாக வேண்டும்.

நான்கு, எச்.டி.ஆர். 2020இல் வந்த ஐபோன் 12 முதல் டால்பி விஷன் முறையில் மிகுந்த ஒளிவீச்சுடன் காட்சி பதிவாகிறது. எடுத்தவரின் திரையில் அழகாக இருக்கும் அதே காட்சி, வேறொரு திரையில் வெளிறியோ கண்கூசும்படி வெளுத்தோ தெரியலாம். தேவையில்லாதவர்கள் ‘எச்.டி.ஆர். வீடியோ’ என்பதை அணைத்துவிடுங்கள். எடுத்துவிட்டவர்கள் டாவின்சி ரிசால்வ் போன்ற தொகுப்பு மென்பொருளில் ரெக்.709 என்ற வழக்கமான வண்ண வெளிக்கு முறையாக மாற்றிய பின் அனுப்புங்கள்.

ஐந்து, வாட்ஸாப். நண்பரின் கைபேசியிலிருந்து வாட்ஸாப் வழியாகக் காணொளியாக வாங்கினால், வந்து சேர்வது மறுபடி சுருக்கப்பட்ட நகல். அதை 4கே அளவுக்குப் பெருக்கினாலும் இழந்த நுணுக்கம் திரும்பாது. கம்பி வழியே எடுங்கள். இயலாவிட்டால் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். 2022 முதல் அவ்வழியில் 2 ஜி.பி. வரையிலான கோப்பு செல்கிறது.

இவற்றுடன் மேற்சொன்ன முதல் இரண்டு தளங்களும் கேட்கும் துணுக்கின் நீளம் 5 முதல் 60 நொடி என்பதையும், அடையாளம் தெரியும் மனிதர் வணிகக் காட்சியில் இருந்தால் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்பதையும் சேர்த்தால், தொடங்குபவருக்குத் தேவையானதில் பெரும்பகுதி வந்துவிட்டது. இதற்கு நான் ஒரு புதிய சொல்லும் உருவாக்கவில்லை. திரையில் எந்தப் பெயர் தெரிகிறதோ அந்தப் பெயரையே ஒலிபெயர்த்தேன். ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதை ‘மிகு ஒத்தியல்பு’ என்று எழுதினால் மொழி தூய்மையாக இருக்கும். வாசகர் ஆங்கிலத் திரையில் அந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டே இருப்பார். பொத்தானின் பெயர் அங்கே ஓர் அடையாளம் மட்டுமே. அதைச் சுற்றியுள்ள நிபந்தனையும் ஏவலும் காரணமும்தான் மொழி. ‘இருந்தால்’, ‘எனவே’, ‘அணைத்துவிடுங்கள்’ ஆகியவை தமிழில் நெடுங்காலமாக இருக்கின்றன.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

‘வலையொளியில் தமிழ் இளைஞர்கள் இதையெல்லாம் விளக்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?’ ஆம், விளக்குகிறார்கள்; தமிழால் முடியும் என்பதற்கு அவர்களே சான்று. அந்தப் பேச்சை எழுத்தாக்கவும் சரிபார்க்கவும் காலத்துக்கேற்பத் திருத்தவும் வேண்டிய கல்வித்துறை, அவர்களின் மொழியைக் ‘கலப்பு’ என்று ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவதோடு நின்றுவிடுகிறது.

‘சந்தைக்குச் சரக்கு அனுப்பக் கற்றுத்தருவது பல்கலைக்கழகத்தின் வேலையா? தாராவியின் வாழ்வைப் பண்டமாக்குவதற்கு நாமே உதவுவதா?’ இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். அங்கே கிடைக்கும் காசு சிறிது. விதிகளை வகுப்பதும் நாம் அல்லர். ஆனால் தாராவி ஏற்கெனவே பண்டமாகிவிட்டது. விற்பவரும் விவரிப்பவரும் வெளியார் என்பதே நிலை. 2023 ஜூலையில் ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் ஓப்பன்ஏஐ நிறுவனத்துடனான உறவை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு விரிவாக்கியது. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் படங்களும் காணொளிகளும் இசையும் மட்டுமன்றி, அவற்றோடு இணைந்த விவரக்குறிப்புகளும் அவ்வுடன்பாட்டில் அடங்கும். ஒரு துணுக்குக்கு எழுதப்படும் தலைப்பும் குறிச்சொற்களும் நாளை ஓர் இயந்திரம் ‘தாராவி’ என்ற சொல்லுக்குக் கற்கும் பொருளாகலாம். அதே தளம் ஒரு துணுக்குக்கு 7 முதல் 50 வரை குறிச்சொற்களைக் கேட்கிறது. அவையும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ‘சேரி’, ‘வறுமை’ என்பவற்றோடு ‘தொழிற்கூடம்’, ‘குயவர்’, ‘பொங்கல்’, ‘தமிழர்’ என்பவற்றின் ஆங்கில நிகர்களும் அப்பட்டியலில் ஏற வேண்டுமா, வேண்டாமா? சொற்பொருளியல் கற்பிப்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும். விலகி நிற்பதால் நம் கை தூய்மையாக இருக்கலாம். பட்டியல் அப்படியேதான் இருக்கும்.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1912இல் கட்டப்பட்ட சயான் ரயில் மேம்பாலம், கூடுதல் இருப்புப்பாதைகளுக்காக இடிக்கப்படும் பொருட்டு 2024 ஆகஸ்ட் 1 அன்று மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாராவியையும் சயானையும் இணைத்த பாலம் அது. அதன் கடைசி நாள்களைக் கைபேசியில் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அக்காட்சிகள் இன்று வாட்ஸாப் குழுக்களில் சுருங்கிச் சுருங்கித் தேய்ந்துகொண்டிருக்கும். தாராவியின் சந்துகளும் மறுசீரமைப்பில் மாறவிருக்கின்றன. ஸ்டாக் தளம் வேண்டாம் என்பவருக்கும் இதே அறிவு தேவை. மொழி ஆவணக்காப்பகத்துக்கு ஒரு பாட்டியின் பேச்சைப் பதிந்து அனுப்பும் ஆய்வு மாணவரும், ஒழுங்கற்ற பிரேம் வீதத்திலும் நகலின் நகலிலும்தான் தடுமாறுகிறார்.

‘இது ஆய்வு அன்று, கையேடு’ என்பது கடைசி மறுப்பு. வரலாறு இதற்கு இடம் தரவில்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் மகப்பேறும் பாடநூல்களாகத் தமிழில் வந்தன. அவர் சொற்பட்டியலும் செய்தார். ஆனால் பட்டியலோடு நிற்கவில்லை, அந்தச் சொற்களைக் கொண்டு நோயாளியின் முன் நிற்கும் மாணவருக்கு வேண்டிய வாக்கியங்களை எழுதினார். 1916இல் சேலத்தில் கலைச்சொல்லாக்கத்துக்கெனச் சங்கம் கண்டவர்களுள் ஒருவரான இராஜாஜி, பின்னர் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். சொல்லைச் செய்தவரே அதைத் திண்ணைக்கும் கொண்டுவந்தார். நாமோ முதற்பாதியை மட்டும் மரபு என்று எடுத்துக்கொண்டோம்.

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது. தமிழ், மொழியியல், ஊடகவியல் துறைகளில் ஒவ்வொரு முதுகலை மாணவரும் ஒரு பருவத்தில் ஒரு செயல்முறைக் குறிப்பை எழுதட்டும். காணொளி வடிவம் என்றில்லை. எழுத்துரு மாற்றம், ஒலிப்பதிவு, வருடிய பக்கங்களை எழுத்தாக்குதல் என எதுவாகவும் இருக்கலாம். மதிப்பெண் போடும் முறையும் எளிது. அந்தக் குறிப்பை ஆசிரியர் வாசித்து வியக்க வேண்டாம். அத்துறை சாராத ஒருவர் கையில் கொடுங்கள். அவர் தனியே உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், தம் கோப்பைச் சரிசெய்து அனுப்பட்டும். கோப்பு ஏற்கப்பட்டால் மாணவர் தேர்ச்சி. ஏற்கப்படாவிட்டால் அவர் எத்தனை கலைச்சொல் பயன்படுத்தியிருந்தாலும் மறுபடி எழுதட்டும்.

மேலே உள்ள ஐந்து குறிப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள், பகிருங்கள். என் பெயர் வேண்டியதில்லை. பிழை கண்டவர்கள் எந்தக் கைபேசி, எந்த மென்பொருள் என்ற விவரத்தோடு எழுதுங்கள். ‘காணொளியா, விழியமா’ என்ற விவாதத்தை மட்டும் இந்தப் பதிவின் கீழ் தொடங்க வேண்டாம்.