கிரைண்டர் போடாத வெல்டிங்

மூணாவது வருஷம் ஐ.வி. போனோமே, ஞாபகம் இருக்கா? காலையில ஒரு கம்பெனி, சாயங்காலம் பீச், ராத்திரி பஸ்ல டான்ஸ். மறுநாள் நான் மட்டும் சென்னையிலேயே தங்கி, ஈசிஆர்ல ஈஞ்சம்பாக்கத்துல இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனேன். கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு 1966-ல் தொடங்கிய இடம். அங்கே ஒரு மியூசியம் இருக்கு.

அங்கேதான் எஸ். நந்தகோபாலின் சிற்பங்களைப் பார்த்தேன். பணிக்கரின் மகன். 1946-ல் பிறந்து 2017-ல் மறைந்தவர். லயோலா கல்லூரியில் பிசிக்ஸ் படித்துவிட்டு, பிறகு ஓவியக் கல்லூரிக்குப் போனவர். அவருடைய சிற்பங்கள் கல்லில் செதுக்கியவை அல்ல. செம்பு, பித்தளைத் துண்டுகளை வெட்டி, வெல்டிங் வைத்துச் சேர்த்தவை. கோயில் வாகனம் மாதிரி, முன்னால் நின்று பார்க்க வேண்டிய உருவங்கள்.

எனக்கு முதலில் வந்தது வியப்பு இல்லை, வெட்கம். ஏன்னா ரஞ்சன்குடி பக்கத்துல என் மாமா வெச்சிருக்கிறது வெல்டிங் பட்டறை. நாலு வருஷமா அதை நான் இங்கே யார்கிட்டயும் சொன்னதில்லை. "மாமா பிசினஸ் பண்றாரு"ன்னுதான் சொல்லுவேன்.

அன்னைக்கு மாமாவுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன் பண்ணினார். "மாப்ள, உருகுன மணிய அப்படியே உட்டுருக்காரு பாரு. கிரைண்டர் போட்டு மறைக்கல. கைப்பழக்கம் இல்லாதவன் இப்படி உட்டா அசிங்கமா இருக்கும். இது அழகா இருக்கு." நான் ஒரு மணி நேரம் நின்று பார்த்தும் பிடிபடாததை, அவர் போனைப் பார்த்தே பிடித்துவிட்டார்.

வெளியூர் நண்பர்கள் வந்தால் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கூட்டிப்போகிறோம். சண்டேச அனுக்கிரகமூர்த்தி முன்னால் நின்று பெருமைப்படுகிறோம். அதைச் செய்தவரும் உளியும் சுத்தியலுமாக வேலை பார்த்தவர்தானே? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்தால் சிற்பி, இன்றைக்குச் செய்தால் 'பட்டறைக்காரன்' என்பது என்ன நியாயம்?

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, அடுத்த ஐ.வி.யில் அந்த மியூசியத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு, ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்ஷாப்பில் பட் ஜாயின்ட், லேப் ஜாயின்ட் முடித்ததும் அந்தத் துண்டுகளை ஸ்கிராப்பில் போடாமல், பசங்க இஷ்டப்பட்ட ஒரு உருவம் செய்ய ஒரு மதியம் கொடுங்கள்.

பிளேஸ்மென்ட்டுக்கு இது உதவுமான்னு கேட்பீங்க. உதவாது. ஆனா கையால வேலை செய்றவரை 'பிசினஸ்'னு சொல்லி மறைக்கிற இன்ஜினியரா நாம வெளியே போக வேண்டாமே.

எங்க வீட்டு ஜன்னல் கிரில்லில் ஒரு மயில் இருக்கு. மாமா செய்தது. இந்த லீவுக்குப் போனப்பதான் அதை முதல்முறையா நின்னு பார்த்தேன்.